ஒன்றரைக் கட்டிக் கறி

ஆங்கிலேயர் 'மீட்லோஃப்' என்று வழங்கும் உணவுக்குத் தமிழில் என்ன பெயர் இடுவது என்னும் வினா தமிழாசிரியன் ஒருவனுக்கு எழுவது இயல்பே. 'மீட்' என்பது இறைச்சி. 'லோஃப்' என்பது அச்சிலிட்டுச் சுட்ட முழு ரொட்டி. இரண்டையும் கூட்டி 'இறைச்சி ரொட்டி' என்றால், ரொட்டிக்குள் கறி வைத்த பண்டம் என்று கேட்போர் எண்ணிக்கொள்வர். அதுதான் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிளிலேயே வீட்டு வாசலுக்கு வருகிறதே! 'ஊன் கட்டி' என்று சொல்லிப் பார்த்தேன். மருத்துவமனை நினைவு வருகிறது என்று எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் முகம் சுளித்தார். என் இளைய மகள் 'கறிக் கேக்' என்கிறாள். என் தந்தையார் தம் குறிப்பேட்டில் 'மிட்லோப்பு' என்று எழுதி வைத்திருக்கிறார். காதில் விழுந்ததை விழுந்தவாறே எழுத்தில் பிடித்த அச்சொல்லையே நானும் ஆள்கிறேன். அதனினும் நல்ல சொல் கிடைக்கும்வரை அஃது இருந்துவிட்டுப் போகட்டும்.

மிட்லோப்பு என்பது யாது? கொத்துக்கறியோடு பாலில் ஊறிய ரொட்டி, முட்டை, வெங்காயம், உப்பு, மிளகு ஆகியவற்றைப் பிசைந்து, நீண்ட அச்சில் அழுத்தி, அவனில் வைத்து வேகவிட்டு, ரொட்டியைப் போலவே துண்டு துண்டாக அரிந்து உண்பது. இவ்வளவே. இதில் அரண்மனைச் சமையலின் ஆடம்பரம் ஒன்றுமில்லை. உண்மையில் இது சிக்கனத்தின் பிள்ளை. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்கக் குடும்பங்கள் அரைத்த கறியில் ரொட்டித்தூளையும் ஓட்ஸையும் கலந்து, இருவர்க்குப் போதுமான இறைச்சியை ஐவர்க்கு ஆக்கின. செருமானியர் இதன் நடுவே அவித்த முட்டைகளை வரிசையாக வைத்துச் சுட்டு, அதற்குப் 'பொய் முயல்' என்று பெயரிட்டனர். முயல் வாங்க இயலாதவரின் முயல் அது! வறுமையைக் கேலியாக மாற்றிக்கொள்ளும் ஆற்றல் எல்லா மொழியார்க்கும் உண்டு போலும்.

சிக்கனத்தின் பிள்ளையாகிய இவ்வுணவு நம் நாட்டின் இரப்பர்த் தோட்டங்களில் மட்டும் துரையின் மேசைக்கு உரியதாக விளங்கியது. என் தந்தையார் அதனைச் சமைத்தவர்.

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய பங்களாவில் அவர் சமையற்காரராக இருந்தார். அக்காலத் துரைமார் வீடுகளில் அடுப்பங்கரை பெரும்பாலும் ஹைனான் சீனர் வசம் இருந்தது. என் தந்தையாரும் ஒரு ஹைனான் சமையற்காரரிடம் பாத்திரம் தேய்க்கும் எடுபிடியாகத்தான் சேர்ந்தார். அந்தச் சீனர் 1961இல் பட்டணத்தில் சொந்தமாகக் காப்பிக்கடை வைக்கச் சென்றுவிடவே, கரண்டி இவர் கைக்கு வந்தது. தோட்டத்தார் அவரைக் 'குக்கு' என்றே அழைத்தனர். நான் அத்தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்தபோது, வருகைப் பதிவேட்டில் இருந்த என் பெயரைவிடக் 'குக்கு மகன்' என்ற பெயரே எனக்கு மிகுதியும் பயன்பட்டது.

துரை உண்டது மாட்டிறைச்சி. கோலாலம்பூரிலிருந்து பனிக்கட்டி வைத்த பெட்டியில் அது வரும். அப்பா அதனைத் தொட்டார், அரைத்தார், பிசைந்தார், வேகவைத்தார். ஒருநாளும் சுவைத்ததில்லை. எங்கள் குலவழக்கில் அஃது ஆகாது. சமையற்காரன் ஒருவன் தான் ஆக்கும் உணவைத் தன் நாவால் அறியாமல் பதினேழு ஆண்டுகள் ஆக்கிக்கொண்டிருந்தான் என்றால், அது சிறிய செயலன்று. ஓசையறியாதவன் வீணை மீட்டியதற்கு ஒப்பிடலாம். ஆயினும் துரையின் விருந்துக்கு வந்த அண்டைத் தோட்டத்து மேலாளர்கள் தத்தம் சமையற்காரர்களை இவரிடம் அனுப்பிக் கற்றுவரச் சொன்னார்கள் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதையும் அவர் பெருமையாகச் சொன்னதில்லை.

பெருமை கொள்ள வழியில்லை. மாலையில் அப்பா வீடு திரும்பும்போது லயத்துக்குப் பின்புறம் ஒரு வாளித் தண்ணீரும் மாற்று வேட்டியும் காத்திருக்கும். அவர் தலை முழுகிய பிறகே வாசற்படி ஏறலாம். அம்மா கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. வாளியை மட்டும் வைப்பார். லயத்தில் கலியாணமோ காதுகுத்தோ வந்தால், தோட்டத்திலேயே சிறந்த கைப்பக்குவம் உடையவர் பந்தலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்க, வேறு யாரோ அண்டாவைக் கிளறுவர். 'பங்களாச் சட்டி தொட்ட கை' என்பது அவரைக் குறித்து வழங்கிய சொல். அதனை அவர் முன்னிலையில் எவரும் கூறியதில்லை. ஆனால் என் முன்னிலையில் கூறியிருக்கிறார்கள். சிறுவர்க்குக் காது இல்லை என்பது பெரியவர்களின் பழைய நம்பிக்கை.

பள்ளி விட்டதும் நான் பங்களாவின் பின்படியில் சென்று அமர்வேன். உள்ளே நுழைய எனக்கு உரிமை இல்லை. படியில் இருந்தபடியே விறகில் எரியும் இரும்பு அவனையும், அதன் கதவை அப்பா திறந்து மூடும் விதத்தையும் பார்ப்பேன். கறி வெந்ததா என்று அறிய அவர் கழுவிய தென்னை ஈர்க்கு ஒன்றை நடுவில் செருகி, பத்து எண்ணும்வரை காத்திருந்து உருவுவார். பிற சமையற்காரர் அதனை உதட்டில் வைத்துச் சூடு பார்ப்பர். அப்பா மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தார். அதனை வெறும் பழக்கம் என்றே நெடுங்காலம் நான் எண்ணியிருந்தேன்.

1978இல் அந்தத் துரை ஊர் திரும்பினார். அடுத்து வந்தவர் நம் நாட்டவர். அவர் வீட்டுச் சமையலை அவர் மனைவியார் பார்த்துக்கொண்டார். தோட்டத்து நிர்வாகம் அப்பாவைப் புல்லுக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்த்தது. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு அவர் காலையில் புறப்படுவார். அன்று முதல் பின்புறத்து வாளியும் நின்றுபோயிற்று. அதன்பின் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் அடுப்பருகே செல்லவில்லை.

2011இல் அப்பா மறைந்தார். அவருடைய பொருள்கள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கின. கோடு போட்ட பழைய நோட்டு ஒன்றும், சீன மருந்துக்கடைகளில் காணும் சிறு கோல் தராசு ஒன்றும் அதில் இருந்தன. தராசு அந்த ஹைனான் சமையற்காரர் போகும்போது கொடுத்துச் சென்றது என்று அம்மா சொன்னார். நோட்டில் இருபத்து மூன்று சமையற் குறிப்புகள். தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்த கையெழுத்து. எழுத்துப் பிழைகள் உண்டு. எண்களில் பிழையே இல்லை.

மிட்லோப்புக்கு அவர் எழுதியிருந்தது, 'கறி ஒன்றரைக் கட்டி'. இன்றைய மாணவர்க்குக் கட்டி என்றால் விளங்காது. 1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்துக்குப் பின் கிலோகிராம் படிப்படியாக நிலைபெறும்வரை நம் கடைத்தெருக்களை ஆண்டது கட்டிதான். ஒரு கட்டிக்குப் பதினாறு தஹில். கிராமில் ஏறத்தாழ 605. மூன்று கட்டி நான்கு இராத்தலுக்குச் சமம். ஆகவே ஒன்றரைக் கட்டி என்பது சரியாக இரண்டு இராத்தல். துரைசானி தம் ஊர்ப் புத்தகத்திலிருந்து இரண்டு இராத்தல் என்று படித்துச் சொல்ல, அப்பா அதனைத் தாம் அறிந்த அளவைக்கு மாற்றி எழுதியிருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு நூலில் சேர்க்கத்தக்க கணக்கு இது.

ஆனால் என்னை நிறுத்தியது அடுத்த வரி. 'உப்பு தஹிலில் மூன்றில் ஒன்று.' நம் வீட்டுச் சமையற் குறிப்புகளில் உப்புக்கு அளவு உண்டா? 'தேவைக்கேற்ப' என்பதே எங்கும் காணும் சொல். மற்றவற்றுக்குக் கைப்பிடி, கரண்டி என்று எழுதிய அப்பா, உப்புக்கு மட்டும் தராசைத் தூக்கியிருக்கிறார். இருபத்து மூன்று குறிப்புகளிலும் மாட்டிறைச்சி வரும் இடங்களிலெல்லாம் இப்படியே. கோழிக்கும் மீனுக்கும் உப்பளவு இல்லை. காரணம் விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. சீனர் இருந்தவரை அவர் சுவைத்து, போதும் என்றிருப்பார். அந்தப் 'போதும்' எவ்வளவு என்று அப்பா நிறுத்து எழுதிக்கொண்டார். நாக்கு செய்யவேண்டிய வேலையைத் தராசிடம் ஒப்படைத்தார். மணிக்கட்டில் வைத்த ஈர்க்குக்கும் அப்போதுதான் பொருள் கண்டேன்.

நிற்க. 2018இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டிறைச்சியில் மிட்லோப்பு செய்வது என்று முடிவு செய்தேன். வீட்டில் வரவேற்பு இல்லை. "ஏங்க, குழம்பு வைக்கிற கறியைக் கேக் அச்சில் போட்டுக் கெடுக்கணுமா?" என்றார் என் மனைவி. அவருடைய வருத்தம் பாதி கறியைப் பற்றியது. பாதி அச்சைப் பற்றியது. தீபாவளிக்குக் கேக் சுடும் அச்சில் ஆட்டுக்கொழுப்பு படுவதை எந்த இல்லத்தரசி பொறுப்பார்? புது அச்சு ஒன்று வாங்கி வந்தேன். பிள்ளைகள், சாஸ் உண்டா என்று மட்டும் கேட்டார்கள். அம்மாவுக்கு அப்போது எண்பது வயது. "எனக்கு ரசம் போதும்" என்று சொல்லி வாசல் நாற்காலிக்குப் போய்விட்டார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் புகட்டிய நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. அதனை அடுப்பங்கரையில் கையாண்டேன். மனைவியிடம் மிட்லோப்பு என்று சொல்லாமல், "கோலா உருண்டை செய்வாயே, அதைப் பொரிக்காமல் ஒரே உருண்டையாக அவனில் வைத்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அவர் முகத்தில் முதல் தெளிவு தோன்றிற்று. உண்மையில் இரண்டும் பங்காளிகள். கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு செய்யும் பணியை இங்கே ரொட்டி செய்கிறது. அந்த உறவை உறுதி செய்யச் சிறிது சோம்பும் பொடித்துச் சேர்த்தேன். அப்பாவின் குறிப்பில் சோம்பு இல்லை. தெரிந்த மணம் ஒன்று இருந்தால் தெரியாத உணவு பாதி தூரம் தானே வந்து சேரும் என்பது என் கணிப்பு.

செய்முறையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். செய்து பார்க்க விரும்புவோர்க்கு உதவும். ஒன்றரைக் கட்டி, அதாவது 900 கிராம் கொத்துக்கறி. நம் கடைகளில் கிடைக்கும் ஆஸ்திரேலிய உறைகறியே போதும். ஆனால் கொழுப்பை அறவே நீக்கச் சொல்லக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இல்லையேல் மிட்லோப்பு மரத்தூளாகும். நான்கு துண்டு வெள்ளை ரொட்டியின் ஓரத்தை நீக்கி, முக்கால் கோப்பைப் பாலில் ஊறவைத்துக் கூழாகப் பிசைய வேண்டும். சிக்கனத்துக்காகச் சேர்ந்த ரொட்டிதான் இவ்வுணவின் மென்மைக்குக் காரணம் என்பது வியப்பு. வெப்பம் ஏற ஏறக் கறியின் புரதம் சுருங்கித் தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும். ரொட்டியின் மாவுச்சத்து இடையில் நின்று அந்நீரைப் பிடித்துக்கொள்வதோடு, இழைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றாதபடியும் தடுக்கிறது. வெறுங்கறியாகச் செய்தால் கத்தி இறங்காது.

இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக அரிந்து நெய்யில் வதக்கி, நன்றாக ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். பச்சையாகச் சேர்த்த வெங்காயம் உள்ளே நீர்விட்டு வெடிப்பை உண்டாக்கும். இரண்டு முட்டை, மிளகுப்பொடி, சாதிக்காய் சிறிது. உப்பை நான் அப்பாவின் தராசிலேயே நிறுத்தேன். கிராமில் பன்னிரண்டரை வந்தது. பிசைவதிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். உப்பிட்ட கறியை நெடுநேரம் அழுத்திப் பிசைந்தால் அதன் புரதம் பசைபோலாகி, வெந்தபின் சாசேஜ் போலத் துள்ளும். விரல்களை விரித்து, எல்லாம் கலந்தது என்று கண்டதும் நிறுத்திவிட வேண்டும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைகளுக்கு இதுவே கடினம். அச்சில் பாதி நிரப்பி, அவித்து உரித்த முட்டை நான்கை வரிசையாகக் கிடத்தி, மீதியால் மூட வேண்டும். செருமானியரின் பொய் முயலை அப்பா எங்கே கற்றார் என்பது நோட்டில் இல்லை. முட்டை மட்டும் இருக்கிறது.

மேலே பூசும் சாந்துக்கு அவர் எழுதியிருப்பது, 'தக்காளி சாஸ், சீனி, ஊஸ்டர் சாஸ். இல்லாவிட்டால் புளியும் கிச்சாப்பும்.' இந்த 'இல்லாவிட்டால்' என்பதைக் கண்டு வியந்தேன். ஆங்கிலேயர் பெருமையாக மேசையில் வைக்கும் அந்த ஊஸ்டர் சாஸில் புளியும் நெத்திலி வகை மீனும் கலந்திருக்கின்றன. அப்பா புட்டியின் பின்பக்கத்து ஆங்கிலத்தைப் படித்திருக்க முடியாது. மோந்து பார்த்தே அறிந்திருக்கிறார்.

180 பாகை செல்சியசில் ஒன்றேகால் மணி நேரம். இன்று நடுவெப்பம் காட்டும் கருவி மலிவாகக் கிடைக்கிறது. 71 பாகை காட்டினால் வெந்ததென்று கொள்ளலாம். நான் ஈர்க்கையும் செருகிப் பார்த்தேன். இரண்டும் ஒத்துச் சொல்லின. வெளியே எடுத்தவுடன் அரியலாகாது; கால்மணி நேரம் ஆறவேண்டும், இல்லையேல் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். அதற்காக முற்றும் குளிரவிடவும் கூடாது. ஆட்டுக்கொழுப்பு மெழுகுபோல் மேலண்ணத்தில் படியும்.

துண்டை அரிந்தபோது நடுவில் முட்டையின் வெள்ளையும் மஞ்சளும் வட்டமாகத் தெரிந்தன. பிள்ளைகள் முதலில் அதற்கே கைதட்டினார்கள். என் மனைவி விளிம்பில் ஒரு சிறு பகுதியைக் கிள்ளி வாயிலிட்டார்; பேசவில்லை; பிறகு ஒரு முழுத் துண்டை எடுத்துக்கொண்டு, "அடுத்த வாரம் ரெண்டு அச்சாப் போட்டா என்ன?" என்றார். பாராட்டுரைகளில் இதனைவிடச் செறிவானதை நான் கேட்டதில்லை. அம்மா வாசலில் ரசம் சாதம் உண்டார்.

அவ்வாண்டு தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கு எங்கள் பள்ளி ஆசிரியர்கள் வந்தார்கள். மலாய் ஆசிரியைகளுக்கும் உகந்ததாக இருக்கவேண்டி, கறி முஸ்லிம் கடையில் வாங்கியது என்பதை முன்கூட்டியே தெரிவித்தேன். மிட்லோப்பைக் கண்டு மூத்த தமிழாசிரியர் ஒருவர், "தலைமையாசிரியர் பரங்கியர் பக்கம் சாய்ந்துவிட்டார்" என்று கேலி பேசினார். பதிற்றுப்பத்தில் சோறு வேறு ஊன் வேறு என்று பிரித்தறிய ஒண்ணாத அடிசில் ஒன்று பேசப்படுகிறதே, அதற்கும் இதற்கும் எத்துணைத் தொலைவு என்று அவரைக் கேட்டேன். அவர் சான்றைச் சிந்திக்கும் நேரத்தில் பக்கத்திலிருந்தவர் அவர் தட்டில் ஒரு துண்டை வைத்துவிட்டார். சற்றுப் பொறுத்துப் பார்த்தபோது அவர் இரண்டாம் துண்டுக்கு வரிசையில் நின்றார். சங்கச் சான்று வென்றதா, சாந்தின் புளிப்பு வென்றதா என்பதை நான் ஆராயவில்லை.

இவையெல்லாம் எளிய வெற்றிகள். அறியாத உணவைக் கண்டு ஐயுறுவோர் ஒருமுறை உண்டால் ஐயம் தீரும். அம்மாவின் ஐயம் அத்தகையதன்று. அவர் மறுத்தது சுவையை அன்று.

விருந்தினர் சென்றபின் அம்மா சமையலறைக்குள் வந்தார். காலியான தட்டுகளைப் பார்த்தபடி, "எல்லாரும் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். சாப்பிட்டார்கள் என்றேன். "ஆட்டுக்கறிதானேப்பா?" ஆம் என்றேன். இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் அதே கேள்வி, அதே விடை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "கொஞ்சம் வை" என்றார். எஞ்சியிருந்த ஓரத் துண்டைச் சூடாக்கி வைத்தேன். மெல்ல உண்டார். பல் குறைந்த வாய்க்கு அது இதமாக இருந்திருக்க வேண்டும்.

"உங்கப்பா செஞ்சா இப்படித்தான் இருக்குமா?" என்றார்.

"எனக்குத் தெரியாதம்மா. அப்பா செய்ததை நானும் சாப்பிட்டதில்லை. அப்பாவே சாப்பிட்டதில்லை" என்றேன்.

அம்மா எழுதப் படிக்க அறியாதவர். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, படிக்கச் சொன்னார். ஒன்றரைக் கட்டிக் கறி, நாலு துண்டு ரொட்டி, தஹிலில் மூன்றில் ஒன்று உப்பு என்று வரிவரியாகப் படித்தேன். உப்பு வரி வந்ததும் நிறுத்தி, தராசின் காரணத்தையும் சொன்னேன். அவர் ஒன்றும் கூறவில்லை. பக்கம் முடிந்ததும், "இதுல சோம்பு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"சோம்பு அப்பா எழுதலைம்மா. நான் சேர்த்தேன்."

"அடுத்த தடவ அவரு எழுதின மாதிரியே செய்" என்று சொல்லி எழுந்தார்.

அதன்பின் ஒவ்வோராண்டும் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் இரண்டு மிட்லோப்பு வேகின்றன. சோம்பு இட்டது விருந்தினர்க்கு. இடாததை முதல்நாளே செய்துவிட வேண்டும். அன்றிரவு முன்னோர்க்குப் படையல். அப்பாவின் படத்தின் முன்னுள்ள இலையில் இட்டிலி, கோழிக்குழம்பு, முறுக்கு எல்லாவற்றையும் என் மனைவி பரிமாறுவார். மிட்லோப்பை மட்டும் அம்மா தம் கையால் வைக்கிறார். முட்டை நடுவில் சரியாகத் தெரியும் துண்டாகப் பார்த்து.